ஆரணித் தறிக்கூடத்தில் ஒரு ஹெரால்டு

ஆரணிக்கு நான் போனது குழித்தறிகளைப் பற்றிக் குறிப்பு எடுக்க. திரும்பும்போது நோட்டில் பாதிக்கு மேல் கார் துருவைப் பற்றி இருந்தது. நம்ம ஆராய்ச்சி இப்படித்தான் தடம் மாறும்.

தறி ஓட்டி நிறுத்திப் பல வருஷமான ஒரு வீட்டுக் கூடத்தில்தான் அந்த கார் கிடந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு மாடல். வீட்டுக்காரரின் அப்பா வாங்கிய ‘பிளஷர்’. பாடியைக் கழற்றி மரக்கட்டைகள் மேல் வைத்திருந்தார்கள். சேஸிஸ் மட்டும் தனியாக, மீன் முள் மாதிரி நடுவில் கிடந்தது. டிங்கர் ஒருவர் சின்ன சுத்தியலால் அதைத் தட்டிக்கொண்டே வந்தார். நடுத்தண்டில் ‘டிங், டிங்’ என்றது. பக்கவாட்டில் நீளும் கையில் தட்டியபோது ‘டொப்’. அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது.

“பார்த்தீங்களா சார், மேல பெயிண்ட்டு, உள்ள அப்பளம்” என்றார்.

என்னை நிறுத்தியது வேறு விஷயம். அந்தக் காலத்தில் நம் ஊரில் ஓடிய மற்ற இரண்டு கார்களுக்கு, அதாவது அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும், இப்படித் தனியாகக் கழற்றி வைக்க சேஸிஸே கிடையாது. பாடியும் அடித்தளமும் ஒன்றாக வெல்டு ஆன கூடு அவை. அவற்றைவிடப் பின்னால் வந்த ஹெரால்டுக்கு மட்டும் ஏன் பழைய பாணியில் தனிச் சட்டம்?

பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. கோவன்ட்ரியின் ஸ்டாண்டர்ட் கம்பெனியும் 1950-களில் கூட்டு பாடிக்கு மாறியிருந்தது. 1953-ல் வந்த அதன் ‘எய்ட்’ கார் அப்படித்தான். ஆனால் அதே 1953-ல், அவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த மாடலுக்கு முழு பாடி செய்து தர ஆள் இல்லை. ஹாரி வெப்ஸ்டர் என்ற எஞ்சினியர் எடுத்த வழி: அடியில் ஒரு சேஸிஸ் போடு, பாடியைத் துண்டு துண்டாக எங்கெங்கே முடியுமோ அங்கே செய்து போல்ட் போட்டு முடுக்கு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது.

வியாபாரச் சிக்கலில் பிறந்த இந்த ஏற்பாடு, கப்பலில் பாகங்களாக அனுப்பி வெளிநாட்டில் கோப்பதற்கும் தோதாக அமைந்தது. 1948-ல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, அதற்கு முன் வேன்கார்டு என்ற பெரிய காரைக் கோத்து விற்றுக்கொண்டிருந்தது. 1961-ல் ஹெரால்டுக்கு வந்தது. 60-களின் பிற்பகுதியில் அவர்களே நாலு கதவு வைத்த ஹெரால்டைப் போட்டார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று வரவே இல்லை! கீழே எடையைத் தாங்கத் தனிச் சட்டம் இருந்ததால்தான் மேல் பாடியில் கை வைக்கும் தைரியம் வந்தது என்பது என் எண்ணம்.

(ஒரு உபரி தகவல்: ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஆரணி நெசவுத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.)

சரி, துருவுக்கு வருவோம். இந்த சேஸிஸின் நடுவே இரண்டு பெட்டி வடிவத் தண்டுகள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து இரு பக்கமும் கைகள் நீள்கின்றன. பாடி உட்காருவது அந்தக் கைகளின் மேல்தான். சக்கரம் வாரியடிக்கும் சேறு கைகளின் மேல் அப்பிக்கொள்ளும், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழி தேடும். நடுத்தண்டுக்கு என்ஜினிலிருந்து கசியும் ஆயிலாவது கிடைக்கிறது. ஓரத்தில் இருப்பவனுக்கு அதுவும் இல்லை.

ஆனால் இது கடற்கரை கார் இல்லையே, உப்புக்காற்று கிடையாதே, பிறகு எப்படி இவ்வளவு துரு? கேட்டதும் வீட்டுக்காரர் தரையைக் காட்டினார். கார் நின்றிருந்த இடத்துக்குக் கீழே பழைய தறிக்குழி. பலகை போட்டு மூடியிருந்தார்கள்.

நான் தேடி வந்த விஷயமே அதுதான். நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். குழியின் ஈரம் பாவு நூலுக்கு நல்லது. அனல்காற்றில் பட்டு இழை பட்டுப்பட்டென்று அறுந்துவிடும். அதனால்தான் மண்தரை, அதனால்தான் வெயில் காலத்தில் தண்ணீர் தெளிப்பது. இரும்புக்கு இதே ஈரம் எமன். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு திடீரென்று வேகமெடுக்கும் என்று 1930-களிலேயே வெர்னான் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அளந்து காட்டினார். பட்டுக்காகக் கட்டிய கூடத்தில் இருபது வருஷம் இரும்பைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். “வெளியில நிறுத்தினா மழையில வீணாப்போகும்னுதான் சார் உள்ள விட்டோம்” என்றார் அவர். என்ன சொல்வது?

இப்போது சிக்கல். பட்டறைக்காரர் ஒருவர் இவரிடம் சுலபமான வழி சொல்லியிருந்தார்: இந்த ஓட்டைச் சட்டத்தைத் தூக்கிப் போடுங்க, கனமான சி-சேனல் இரும்பில் புதுசா அடிச்சுத் தர்றேன், நூறு வருஷம் வரும். நூறு வருஷம் வரலாம். ஆனால் வண்டி ஹெரால்டாக இருக்காது. சஸ்பென்ஷன் உட்காரும் புள்ளிகளில் கொஞ்சம் பிசகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் தேயும். அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘விண்டேஜ்’ வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், 20,000 ரூபாய் கட்டணம், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். நிபந்தனை: அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. இவருக்கு வேண்டியது அந்த நம்பர்தான். அப்பா ஓட்டிய வண்டியாகவே அது ரோட்டில் போக வேண்டும்.

துருப்பிடித்த கையை வெட்டி, அதே அளவு, அதே தடிமன் தகட்டில் அதே வடிவத்தில் கை வைத்தால் அது ரிப்பேரா, மாற்றமா? என்னைக் கேட்டால் ரிப்பேர். கோயில் தேரில் உளுத்த மரத்தை எடுத்துப் புது மரம் வைக்கிறோம், தேர் மாறிவிட்டதாக யாரும் சொல்வதில்லை. ஆனால் இதை ஆய்வாளரிடம் நிரூபிக்க வேண்டுமே. அதனால் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு இடத்தையும் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என்னால் ஆன உதவி அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் டிங்கர் வேலை, மனிதர் கெட்டிக்காரர். பாடியைத் தூக்குவதற்கு முன்பே கதவு இடைவெளியில் ஆங்கிள் இரும்பு வைத்துப் பிடித்திருந்தார். இல்லாவிட்டால் பாடி வளைந்து கதவு மூடாது. சேஸிஸை மட்டம் பார்த்து நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துச் சுவரில் கரியால் எழுதியிருந்தார். ஒரே நேரத்தில் எல்லாக் கைகளையும் வெட்டவில்லை. ஒன்றை வெட்டி, புதுசு வைத்து, அளவு சரிபார்த்த பிறகுதான் அடுத்தது. துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் நல்ல இரும்பு பளபளக்கும் வரை பின்னால் போனார். மெல்லிய இரும்பில் வெல்டு நிற்காது, ஊதிக்கொண்டு போகும். பற்றவைப்பதையும் ஒரே இழுப்பில் செய்யவில்லை. இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம், ஆறவிட்டு மறுபடியும். சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்பதால்.

முந்தைய ரிப்பேர்களும் வெட்ட வெட்ட வெளியே வந்தன. துரு மேலேயே தகடு ஒட்டி, பட்டி பூசி, தார் அடித்த வேலை. ஒரு இடத்தில் மூன்று அடுக்கு. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் அடுக்குகள் தாமாகவே பிளந்துகொண்டு நின்றன. எந்தப் பட்டறை என்று வீட்டுக்காரருக்கு ஞாபகம் இல்லை, நானும் துருவவில்லை.

முடித்த கைகளின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, உள்ளே மெழுகு கலந்த ஆயிலைப் பீய்ச்சினார். வெளியே துருநீக்கி அமிலம். பாஸ்பாரிக் அமிலம் இரும்பின் மேல் பாஸ்பேட் படலத்தை உண்டாக்கும். டெல்லி இரும்புத் தூண் 1,600 வருஷமாக நிற்பதற்கு அதிலுள்ள பாஸ்பரஸ் உருவாக்கிய படலம்தான் முக்கியக் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இதை டிங்கரிடம் சொன்னேன். “அந்தத் தூணுக்குக் கீழ தறிக்குழி இருக்கா சார்?” என்று கேட்டுவிட்டு அடுத்த கையை வெட்டப் போனார்.

நான் கிளம்பும்போது வலது பக்கம் முடிந்திருந்தது, இடது பக்கம் இரண்டு கை பாக்கி. தறிக்குழியில் மண் கொட்டி மூட லோடு சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். மூடுவதற்கு முன் அளந்துகொள்ளட்டுமா என்று கேட்டு, டிங்கரிடமே டேப் வாங்கி இறங்கினேன்.