கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே வேத வாசிப்பும் வீட்டுச் செபமும்

கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயம் கத்தோலிக்கருக்குத் தலைமைக் கோயிலாக விளங்குகின்றது. அதற்கு அணித்தாகவே, 1749இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயமும் நிற்கின்றது. முன்னதைச் சார்ந்தோர் ‘செபம்’ என்பர். புரட்டஸ்தாந்தரோ ‘ஜெபம்’ என்பர். மனப்பாடமான மன்றாட்டுகளைக் குடும்பமாகச் சொல்லுதல் கத்தோலிக்கர் வழி என்றும், வேதநூலைத் தானே வாசித்துத் தியானித்தல் புரட்டஸ்தாந்தர் வழி என்றும் பொதுவாகக் கருதப்படும். இவ்வேறுபாடு கொழும்பில் நிலைபெற்றமைக்குச் சமயக் கோட்பாட்டோடு ஆட்சியாளர் கொள்கையும் காரணமாயிற்று.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை விதித்தனர். 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தடையும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்கர் குருவின்றி வாழ்ந்தனர். அக்காலத்தில் அவர்தம் நம்பிக்கையைக் காத்தது வீட்டுச் செபமே எனலாம். மறைந்திருந்த கத்தோலிக்கரை அறியும்பொருட்டு அடிகளார் தம் கழுத்திற் செபமாலை அணிந்து திரிந்தார் எனக் கூறப்படுவது இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அச்சுக்கூடம் ஒல்லாந்தர் வசமிருந்தமையின் அவை கையெழுத்துப் பிரதிகளாகவே பரவின. அவரது ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டுருகும் நூலாயிற்று.

ஒல்லாந்தரோ பள்ளிக்கூடங்களையும் அச்சகத்தையும் கொண்டிருந்தனர். கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு டி மெல்லோ பெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் இந்நகரிலேயே அச்சேறியது. ஆயினும், திருமுழுக்குப் பெற்றோர் பெயர்கள் பள்ளித் தோம்புகளிற் பதியப்பட்டு, அப்பதிவே திருமணத்துக்கும் சொத்துரிமைக்கும் சான்றாயிற்று. இதனால் வேதக் கல்வி பலருக்கு உலகியற் கடமையாகவே அமைந்தது. 1796இல் ஆங்கிலேயர் ஆட்சி ஏற்பட்டுக் கட்டாயம் தளர்ந்தபோது, பெயரளவிற் சபையிலிருந்தோர் பெருந்தொகையாக விலகினர். நூல் இருந்தது, அதனைத் தம்முடையதாகக் கொண்ட வாசகர் சிலரே இருந்தனர்.

தன்விருப்பான வாசிப்புக்கு 19ஆம் நூற்றாண்டே வழிவகுத்தது. 1812இல் கொழும்பில் வேதாகமச் சங்கம் தோன்றியது. 1814இல் வெஸ்லியன் மிஷனரிமார் வந்தனர். பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இலும், பவரின் தலைமையில் அமைந்த மொழிபெயர்ப்பு 1871இலும் வெளிவந்தன. மிஷன் பள்ளிகளில் எழுத்தறிவு பெற்ற ஆண்களும் பெண்களும் வேதநூலை வீட்டிலே வாசிக்கத் தலைப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டில் வடபுலத்திலிருந்து வெள்ளவத்தையிற் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் இம்மரபின் வழிவந்தோரே.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விவிலியத்தை அடிக்கடி வாசிக்குமாறும், வாசிப்போடு செபத்தையும் இணைக்குமாறும் பொதுநிலையினரைத் தூண்டியது. 1995இல் இரு சபையினரின் கூட்டு முயற்சியால் தமிழில் திருவிவிலியம் வெளிவந்தது. இவ்வாறு பிரிந்திருந்த இரு வழிகளும் ஒன்றையொன்று அணுகின.

தடை செய்யப்பட்ட செபம் நிலைத்தது. கட்டாயப்படுத்தப்பட்ட கல்வி நிலைக்கவில்லை. ஆகவே, வாசிப்பாயினும் செபமாயினும் மனிதன் தானாக விரும்பி மேற்கொள்ளும்போதே அது வாழும் என்பது கொழும்பு வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.