நிக்கோட்டின் ஏற்பி வழி அழற்சி எதிர்ப்பு மருந்துகள்

நிக்கோட்டின் ஏற்பி வழி அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்பவை, நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள நிக்கோட்டின் வகை அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தூண்டி, அவ்வுயிரணுக்கள் சுரக்கும் அழற்சிப் பொருட்களைக் குறைக்கும் நோக்குடன் ஆராயப்படும் மருந்துகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை ஆல்ஃபா-7 எனும் ஏற்பி வகையை இலக்காகக் கொண்டவை. விலங்குகளில் சிறந்த பலன் தெரிந்தபோதிலும், இவ்வேற்பியைத் தூண்டி அழற்சியைத் தணிப்பதற்கென ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை.

ஏற்பியும் பாம்பு நஞ்சும்

அசிட்டைல்கோலின் ஒரு நரம்புக் கடத்தி. தசைகள் சுருங்குவது இதனாலேயே. இதனை ஏற்கும் புரதங்களுள் நிக்கோட்டினாலும் தூண்டப்படுபவை நிக்கோட்டின் வகை ஏற்பிகள் எனப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் ஐந்து புரதத் துணையலகுகளால் ஆனவை. நடுவே அயனிகள் செல்லும் வழி உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவை தீண்டியவர்களுக்கு மூச்சுத் தசைகள் செயலிழப்பதற்கு, அவற்றின் நஞ்சு தசையிலுள்ள இவ்வேற்பிகளை அடைத்துவிடுவது ஒரு முக்கியக் காரணம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், முறிமருந்து தயாரிப்பதற்காக இவ்விரு பாம்புகளின் நஞ்சையும் சேகரித்து அளித்து வந்துள்ளது.

தைவானியக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து 1963இல் சாங், லீ ஆகியோர் பிரித்தெடுத்த ஆல்ஃபா-பங்கரோடாக்சின், தசை ஏற்பியுடன் மட்டுமன்றி ஆல்ஃபா-7 ஏற்பியுடனும் இறுகப் பிணைகிறது. (கட்டுவிரியனின் பேரினப் பெயரான பங்கரஸ், பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லான பங்காரு என்பதிலிருந்து வந்ததாகும்.) பின்னாளில் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் ஏற்பியைத் தேடியவர்களுக்கு இந்நஞ்சே கருவியாயிற்று.

கண்டுபிடிப்பு

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கெவின் டிரேசி குழுவினர், பாக்டீரிய அகநச்சு செலுத்தப்பட்ட எலிகளின் வேகசு நரம்பை மின்னால் தூண்டினர். குருதியில் டி.என்.எஃப் எனும் அழற்சிப் புரதம் குறைந்தது. அதிர்ச்சி நிலையும் தடுக்கப்பட்டது. மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் ஒரு நரம்பு நோயெதிர்ப்பை அடக்கவல்லது என்பது அன்று புதிய செய்தி. 2003இல் அதே குழு, நிறமேற்றிய ஆல்ஃபா-பங்கரோடாக்சின் பெருவிழுங்கிகளின் மேல் ஒட்டுவதைக் காட்டியது. பெருவிழுங்கிகள் என்பவை நுண்ணுயிர்களை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள். ஆல்ஃபா-7 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் நரம்பைத் தூண்டியும் டி.என்.எஃப் குறையவில்லை.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. மண்ணீரலுக்குச் செல்லும் நரம்பு அசிட்டைல்கோலினை அன்றி நோர்அட்ரினலினையே சுரக்கிறது. நோர்அட்ரினலினால் தூண்டப்படும் ஒருவகை டி உயிரணுக்களே மண்ணீரலில் அசிட்டைல்கோலினை உற்பத்தி செய்கின்றன என்று 2011இல் விளக்கம் தரப்பட்டது. இப்பாதையின் சில பகுதிகள் குறித்து ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

மருந்துகள்

முதலில் சோதிக்கப்பட்டது நிக்கோட்டினே. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புண் அழற்சியுடைய 72 பேருக்குத் தோலில் ஒட்டும் பட்டைகள் தரப்பட்டன. நிக்கோட்டின் பட்டை பெற்ற 35 பேரில் 17 பேருக்கும், வெற்றுப் பட்டை பெற்ற 37 பேரில் 9 பேருக்கும் நோய்க்குறிகள் முற்றிலும் நீங்கின. ஆனால் நோய் மீளாமல் தடுக்க இது பயன்படவில்லை என்று அடுத்த ஆண்டே தெரிந்தது.

ஜி.டி.எஸ்-21 என்பது ஒருவகைக் கடற்புழுவின் நச்சான அனபேசைனிலிருந்து உருவாக்கப்பட்ட மருந்து. அகநச்சு செலுத்தப்பட்ட நலமான தன்னார்வலர்களிடம் நெதர்லாந்தில் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட சோதனையில், இதற்கும் போலி மருந்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருதியில் மருந்தின் அளவு மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் டி.என்.எஃப் குறைந்து காணப்பட்டது. உட்கொண்ட மருந்து குருதியில் சேரும் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது இதன் குறை. மறதி நோய்க்காக ஆராயப்பட்ட என்செனிக்ளின், ஆல்ஃபா-7 ஏற்பியையே தூண்டுவது. கடும் குடல் பக்கவிளைவுகள் காரணமாக அதன் சோதனைகள் 2015இல் நிறுத்தப்பட்டன.

புகைத்தலும் அழற்சியும்

இவ்வாய்வுகளைப் புகைபிடித்தலுக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. புகைப்போரிடம் பெருங்குடல் புண் அழற்சி குறைவு என்பது உண்மையே. எனினும் அதன் உறவு நோயான குரோன் நோயைப் புகை மோசமாக்குகிறது. முடக்கு வாதம் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. புகையிலுள்ள ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களில் நிக்கோட்டின் ஒன்று மட்டுமே.

மின்தூண்டல்

மருந்துகள் தடுமாறிய இடத்தில் மின்கருவி முன்னேறியது. கழுத்தில் வேகசு நரம்பின் மீது பொருத்தி, நாளுக்கு ஒரு நிமிடம் தூண்டும் சிறு கருவிக்கு 2025 சூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. பிற உயர்நிலை மருந்துகள் போதிய பலன் தராத அல்லது ஒத்துக்கொள்ளாத முடக்கு வாத நோயாளிகளுக்கு மட்டுமே இது உரியது. 242 பேரிடம் நடந்த சோதனை இதற்கு அடிப்படையாக அமைந்தது.