முயல்னு நினைச்சு ஏமாந்தவங்க கதை

போன வருஷம் அக்கா பொண்ணு பிறந்தநாளுக்கு ஒரு முயல்குட்டியும் ஒரு கினிப்பன்றியும் வாங்கிக் கொடுத்தேன். "ரெண்டும் புல்லு தின்கிற ஜாதிதான் சார். ஒரே கூண்டு, ஒரே தீனி போதும், ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்"னார் கடைக்காரர். இருக்கிற ஆணிக்கு நடுவுல ரெண்டு கூண்டு யாரு கழுவறதுன்னு நானும் தலையாட்டிட்டேன்.

மூணே வாரம். கினிப்பன்றி மூலையில சுருண்டு உட்கார்ந்துடுச்சு. தூக்கினா வலியில கத்துது. டாக்டரோட முதல் கேள்வியே "என்ன தீனி போடறீங்க?" முயல் தீனின்னதும் தலையில அடிச்சுக்கிட்டார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம படிக்க ஆரம்பிச்சேன். இந்தத் தப்பை நமக்கு முன்னாடியே ஸ்பானியர்கள் செஞ்சிருக்காங்க (ஒரு அற்ப சந்தோஷம்! :-))

கினிப்பன்றி தென்னமெரிக்காவோட ஆண்டிஸ் மலைக்காரன். கெச்சுவா மொழியில 'கூய்'. அங்கே பல ஆயிரம் வருஷமா வீட்டுல வளர்த்து, சாப்பிட்டுட்டு வர்றாங்க. 16-ம் நூற்றாண்டுல போய் இறங்கின ஸ்பானியர்களோட சொந்த ஊரு ஐபீரியா, அதாவது முயலோட பூர்வீகம். கூயைப் பார்த்தவங்க 'இந்தியாவின் குட்டி முயல்'னு பேர் வெச்சுட்டாங்க. அமெரிக்காவையே இந்தியான்னு சொன்னவங்கதானே! ஸ்பானிஷ்ல இன்னிக்கும் அந்தப் பேரு இருக்கு.

ஆனா உள்ளே இருக்கிற மெஷினே வேற. முயல்குட்டி ஒரு மாசத்துல, முடியில்லாம, கண்ணு மூடிப் பிறக்கும். கினிப்பன்றிக்குட்டி ரெண்டு மாசத்துக்கு மேல வயித்துல இருந்துட்டு, முடியோட, கண்ணைத் திறந்துகிட்டே வரும்.

பெரிய வித்தியாசம் வெளியே வந்தது 1907-ல, நார்வேயில. ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக்னு ரெண்டு பேர். கப்பல்காரங்களுக்கு வர்ற பெரிபெரி நோயை ஆராய, கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் போட்டாங்க. வந்தது பெரிபெரி இல்ல, ஸ்கர்வி! முட்டைக்கோஸ், எலுமிச்சைச் சாறு கொடுத்தா அது வரலை. நம்மளை மாதிரியே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடம்புல தயாரிக்கத் தெரியாது. முயலுக்குத் தெரியும். அன்னிக்கு அவங்க முயலை எடுத்திருந்தா எதுவுமே தெரிஞ்சிருக்காது. முயல் தீனியில சி சேர்க்கறதில்லையே, ஏன்னு இப்பதான் புரிஞ்சுது.

தீனியை மட்டும் மாத்தினா போதாது. முயல் பின்னங்காலால விடற ஒரு உதை, அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது. முயல் மூக்குல சத்தமில்லாம குடியிருக்கிற போர்டெடெல்லா கிருமி, கினிப்பன்றிக்கு நிமோனியாவாயிடும். அப்ப 'துணை'? அதுக்கு வேணும்னா இன்னொரு கினிப்பன்றி. சுவிட்சர்லாந்துல 2008-ல கினிப்பன்றியை ஒத்தையா வளர்க்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க.

எங்க ஆளு பொழைச்சுக்கிச்சு. தினம் குடைமிளகாய் ஒரு துண்டு, தனிக் கூண்டு, கூட இன்னொரு கினிப்பன்றி. முயலுக்கும் ஜோடி தேடிட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை ரெண்டு கூண்டையும் கழுவறது யாருன்னு கேக்கறீங்களா? அடியேன்தான்.