கொட்டையின் ஊர்ப்பெயர்

ஒரே இடத்தில் விளைந்து, பிறவற்றோடு கலவாமல் விற்கப்படுவது ஓரிடக் காப்பி. பாபா புதான் என்னும் சூஃபிப் பெரியவர் யேமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு விலை வீழ்ந்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளைச்சல் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பிற் சேர்ந்தது. விற்பனைக்கு உறுதி கிடைத்தது. ஆயினும், தொகுப்பிற் கலந்தமையால் தோட்டத்தின் பெயர் மறைந்தது. நன்றாக விளைவித்தவனுக்குத் தன் பெயரால் வரும் சிறப்பு இல்லாமற் போயிற்று.

1996இல் தம் விளைவைத் தாமே விற்கும் உரிமையை உழவர் பெற்றனர். 2019இல் குடகு, வயநாடு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு ஆகிய இடங்களின் காப்பிகள் புவிசார் குறியீடு பெற்றன.

வெளிமாநிலத்தில் நம்மை ஊர் கேட்டால் பெருமையுடன் சொல்கிறோம். காப்பிக் கொட்டையின் ஊரையும் இனிக் கேட்டு வாங்குவோமாக.