அலன் புஷ்: மக்கள் வரலாற்றை இசைத்தவர்

இசை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று கூறுவோர் உளர். சொல்லுக்குக் கட்சி இருக்கலாம், சுவரத்துக்குக் கட்சி ஏது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை எடைபோட்டுப் பார்க்க விரும்புவோர் ஆங்கில இசையமைப்பாளர் அலன் புஷ்ஷின் வாழ்க்கையை நோக்குதல் தகும்.

1900ஆம் ஆண்டு டிசெம்பரில், இலண்டனில், வசதி படைத்த மத்தியதர வர்க்கக் குடும்பமொன்றிற் புஷ் பிறந்தார். றோயல் இசைக் கழகத்திற் பயின்ற அவர், 1925 முதல் 1978 வரை அங்கேயே இசையாக்கம் கற்பித்தார். 1929க்கும் 1931க்கும் இடையில் பேர்லின் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் இசையியலும் கற்றார். ஜேர்மனியில் வேலையின்மை பெருகி, நாசிகள் தலையெடுத்த காலம் அது. 1935இற் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். தொழிலாளர் பாடற் குழுக்களைப் பயிற்றி வந்த அவர், 1936இல் தொழிலாளர் இசைச் சங்கம் தோன்ற முன்னின்று உழைத்தார். உயர்ந்த இசை உழைப்பவனுக்கு எட்டாதது என்ற எண்ணத்தை அவர் என்றுமே ஏற்றதில்லை.

1941இல் மக்கள் மாநாடு என்னும் இயக்கத்தின் அறிக்கையிற் கையொப்பமிட்டமைக்காக அவருடைய இசையை ஒலிபரப்புவதற்கு பி.பி.சி. தடை விதித்தது. அவரது அரசியலை ஏற்காதவரான முதுபெரும் இசையமைப்பாளர் வோன் வில்லியம்ஸ் இதனைக் கண்டித்து, தாம் பி.பி.சி.க்கு அளிக்க ஒப்பியிருந்த படைப்பைத் தர மறுத்தார். எதிர்ப்பு வலுக்கவே அவ்வாண்டிலேயே தடை நீங்கியது. இசையை அரசியலுக்கு அப்பால் வைத்துப் பேசும் கூட்டமே, ஒருவரின் அரசியலைப் பார்த்து அவரது இசையின் வாயை அடைத்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

புஷ்ஷின் பெரும் பணி அவரது இசைநாடகங்களே. இவற்றுள் முதலாவதான 'வாட் டைலர்', 1381இல் தலைவரிக்கு எதிராக எழுந்த ஆங்கிலக் குடியானவரின் கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்டது. அதன் வசனத்தை எழுதியவர் அவருடைய துணைவியார் நான்சி புஷ். 1951இல் பிரித்தானிய விழாவையொட்டிக் கலைக் கழகம் நடத்திய போட்டியில் இது பரிசு பெற்றது. ஆயினும், பரிசு பெற்ற நான்கு நாடகங்களுள் எதுவும் அவ்விழாவில் மேடையேறவில்லை. 1953இற் கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக் நகரே 'வாட் டைலரை' அரங்கேற்றியது. ஆங்கிலக் குடியானவனின் கதை இலண்டன் மேடையைக் காண 1974 வரை காத்திருந்தது. அப்பொழுது புஷ்ஷுக்கு வயது எழுபத்துமூன்று.

பின்வந்த நாடகங்களின் கதையும் இதுவே. நோதம்பர்லந்துச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய நாடகம் 1956இல் வைமார் நகரிலும், அமெரிக்கத் தொழிலாளர் பாடகன் ஜோ ஹில்லைப் பற்றியது 1970இற் பேர்லினிலும் அரங்கேறின. 1966இல் லைப்சிக்கில் அரங்கேறிய மற்றொன்று பிரித்தானிய கயானாவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரைப் பற்றியது. 1953இல் மக்கள் தெரிந்தெடுத்த செடி ஜெகனின் அரசை, அது பதவியேற்று 133 நாட்களில், பிரித்தானியா படை அனுப்பிக் கலைத்தது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரின் சந்ததியாரும், ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் சந்ததியாரும் அந்நாட்டில் ஒன்றுபடுவதையே புஷ் இசையாக்கினார்.

எனினும், போற்றுதல் மட்டும் விமர்சனமாகாது. 1948இற் சோவியத் கட்சித் தீர்மானம் ஷொஸ்தகோவிச் போன்றோரைக் கண்டித்தபோது, புஷ் அக்கொள்கையின் பக்கமே நின்றார். தமது நடையையும் எளிமைப்படுத்திக் கொண்டார். 1929இல் அவர் இயற்றிய 'இயங்கியல்' என்னும் நரம்பிசை நால்வர் படைப்பின் இறுக்கம் பிற்காலத்தில் தளர்ந்தது என்போர் கூற்றை நாம் எளிதிற் புறந்தள்ள இயலாது. 1956இன் ஹங்கேரி நிகழ்வுகளுக்குப் பின் பலர் கட்சியை விட்டகன்றபோதும் அவர் அகலவில்லை. இலண்டனில் தம் வாயை அடைத்த அதிகாரத்தை எதிர்த்தவர், மொஸ்கோவிற் பிறர் வாயை அடைத்த அதிகாரத்துக்கு இணங்கினார். இம்முரண்பாட்டை மூடி மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவருடைய நாடகங்களுக்கு மேடை தந்த அரசு 1990இல் மறைந்தது. 1995இல் அவரும் மறைந்தார். மன்னன் இரண்டாம் றிச்சட்டின் பெயரைப் பாடநூல் எப்படியும் காப்பாற்றும். டைலரின் பெயரைக் காப்பாற்ற ஒரு கலைஞன் வேண்டியிருந்தது. வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் நாமும், கற்கும் நாமும் எப்பெயர்களை விட்டுவிடுகிறோம் என்று கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.