காகித ரோஜாவும் இறால் தொக்கும்

ஒன்பது வயதில் அத்தை வீட்டில் இறால் தொக்கு சாப்பிட்ட பத்தாவது நிமிடம் உதடு தடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். அதன்பிறகு இறால் வதக்கும் வாசனை வந்தாலே வயிறு பிசையும். "வாசனைக்கெல்லாமா வயிறு வலிக்கும்? நடிக்கிறான்" என்றார் அத்தை. பல வருடம் கழித்துப் பார்த்த ஒரு மருத்துவரும் அதையே கொஞ்சம் நாகரிகமாக, "எல்லாம் மனசுதான் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த 'மனசா, உடம்பா' வழக்கு பழையது. 1886ல் பால்டிமோரைச் சேர்ந்த ஜான் மெக்கென்சி என்ற மருத்துவர், ரோஜா ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்மணியின் முன்னால் செயற்கை ரோஜா ஒன்றை நீட்டினார். மகரந்தம் துளிகூட இல்லை. ஆனாலும் அவருக்கு மூக்கு ஒழுகியது, தும்மல் வந்தது. தும்மல் பொய்யில்லை, பூதான் பொய்.

பிறகு வந்த அறிவியல் உடம்பின் பக்கம் போனது. 1902ல் பாரிஸில் ஷார்ல் ரிஷேவும் போல் போர்ட்டியேவும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் செலுத்தினார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நெப்டியூன் என்ற நாய், சில வாரம் கழித்துப் போட்ட இரண்டாவது ஊசியில் வாந்தியும் இரத்தப்போக்குமாகச் சற்று நேரத்தில் செத்துப்போனது. காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே கொல்லவும் செய்யும் என்று தெரிந்தது. ரிஷேவுக்கு 1913ல் நோபல் கிடைத்தது.

1921ல் பிரவுஸ்னிட்ஸ், மீனுக்கு ஒவ்வாமை கொண்ட தன் சகா குஸ்ட்னரின் இரத்த ஸீரத்தைத் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு போட்டதும் தடித்தது. ஆக, குற்றவாளி இரத்தத்தில் இருக்கிறது. ஐஜிஇ என்று அதற்குப் பெயர் கிடைக்க அறுபதுகளின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1921ல்தான் கேம்பிரிட்ஜில் லாங்லி, குடலுக்கென்று தனி நரம்பு மண்டலம் உண்டு என்று தன் புத்தகத்தில் வகைப்படுத்தினார். எங்கள் ஆபீஸில் இரண்டு டீம் ஒரே பிரச்சினையை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல, இவர்களும் ரொம்ப காலம் பேசிக்கொள்ளவில்லை.

சுவரை உடைத்தவர்களில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் முக்கியமானவர்கள். ஹிஸ்டமினைச் சுமந்து நிற்கும் மாஸ்ட் செல்களைப் பால் எர்லிக் 1878லேயே விவரித்திருந்தார். அவை எலியின் குடலில் நரம்பு நுனிகளை ஒட்டியே இருப்பதை இவர்கள் 1987ல் காட்டினார்கள். 1989ல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். எலிகளுக்கு முட்டைப் புரதம் செலுத்தும்போதெல்லாம் ஒளியும் ஒலியும் காட்டிப் பழக்கினார்கள். பிறகு புரதம் இல்லாமல் வெறும் ஒளி, ஒலிக்கே மாஸ்ட் செல்கள் தங்கள் சரக்கைக் கொட்டின. பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறியது மாதிரிதான். மெக்கென்சியின் காகித ரோஜாவுக்கு நூறு வருடம் கழித்து ஒரு பதில்.

2021ல் பெல்ஜியத்தின் லூவென் ஆய்வாளர்கள் எதிர்த்திசையைக் காட்டினார்கள். குடல் தொற்று இருக்கும்போது எலி உண்ட புரதத்துக்கு எதிராகக் குடலில் மட்டும் ஐஜிஇ உருவாகிறது. தொற்று ஆறிய பின்பும் அந்த உணவு வந்தால் மாஸ்ட் செல் ஹிஸ்டமினை விட, அது வலி நரம்புகளைக் கூராக்குகிறது. எரிச்சல் குடல் நோயாளிகளின் பெருங்குடலிலும் கோதுமை, பால், சோயா போன்றவற்றைச் செலுத்தியபோது அப்படியான எதிர்வினை தெரிந்தது. வழக்கமான அலர்ஜி பரிசோதனையில் சிக்காத இவர்களில் எத்தனை பேர் 'மனசுதான்' என்று கேட்டு வீடு திரும்பியிருப்பார்கள்!

2023ல் இன்னொன்று தெரிந்தது. முட்டைப் புரதத்துக்கு ஒவ்வாமை ஏற்றப்பட்ட எலிகள் அது கலந்த தண்ணீரைத் தவிர்த்தன. ஐஜிஇ இல்லாத எலிகள் தயங்காமல் குடித்தன. தட்டைத் தள்ளிவைப்பதும் எதிர்ப்பு மண்டலத்தின் வேலைதான் போலிருக்கிறது.

எலிக்கு நடப்பதெல்லாம் எனக்கும் அப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். என் வயிற்றுப் பிசைவில் நினைவு எவ்வளவு, மாஸ்ட் செல் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. ஆனால் 'மனசுதான்' என்பது இனி ஒரு பதிலாகாது. மனசு பேசினால் குடல் கேட்கிறது, குடல் பேசினால் மனசு.

போன மாதம் என் மகள் ஒரு தட்டைத் தள்ளிவைத்தாள். வெறும் அடமாகவும் இருக்கலாம். "நடிக்காதே" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "என்னடா பண்ணுது?" என்று கேட்டேன்.