ரப்பர் ஸ்டாம்ப்புக்கு ஜோடியா ஒரு டை: கைவினை கார்டு செய்து விற்க இந்த செட் அவசியமா? முழு விவரம்

பூப்போட்ட ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதே பூவின் ஓரத்தை ஒட்டி காகிதத்தை வெட்டித் தரும் ஒரு மெல்லிய ஸ்டீல் தகடு. இந்த இரண்டும் சேர்ந்த செட் இப்போது ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது. பிறந்தநாள் கார்டு, தாம்பூலப் பை டேக், மொய்க் கவர் என வீட்டிலிருந்தே செய்து விற்க நினைப்பவர்கள் முதலில் வாங்க ஆசைப்படுவதும் இதைத்தான்.

நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலம் மாதிரி ஊரில் இருந்துகொண்டு இதை வாங்கினால், போட்ட காசு திரும்ப வருமா? இல்லை, நாலு நாளில் அலமாரிக்குப் போய்விடுமா? வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

டை என்றால் என்ன?

டை என்றதும் தலைக்குப் பூசும் டை ஞாபகம் வரலாம். இது வேறு. அச்சகங்களில் 'டை கட்டிங்', 'டை பஞ்சிங்' என்று சொல்வார்களே, அந்த டை. ஒரு வடிவத்தின் ஓரம் முழுக்க கத்தி முனை போன்ற விளிம்பு இருக்கும். காகிதத்தின் மேல் வைத்து அழுத்தினால், அந்த வடிவத்திலேயே காகிதம் வெட்டுப்பட்டு வரும்.

இதில் இரண்டு வகை உண்டு. அச்சகங்களில் பயன்படுவது ஸ்டீல் ரூல் டை. பிளைவுட் பலகையில் வெட்டுக்கோடு போட்டு, அதற்குள் சுமார் 23.8 மி.மீ. உயரமுள்ள ஸ்டீல் பிளேடை வளைத்துச் செருகியிருப்பார்கள். வீட்டு உபயோகத்துக்கு வருவது சுமார் 1 மி.மீ. கனமே உள்ள மெல்லிய டை. தகட்டை ரசாயனத்தால் அரித்து இதைத் தயாரிக்கிறார்கள்.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு டையில் வெட்டப்படுவதுதான். அட்டை அப்படியே இருக்க, மேலே உள்ள பொட்டு மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். ஸ்வீட் பாக்ஸ், பட்டாசுப் பெட்டி, வளைவு வளைவாக ஓரம் வெட்டிய கல்யாணப் பத்திரிகை எல்லாமே இதே தொழில்நுட்பம்தான்.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் பேர்போன ஊர் சிவகாசி. 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட, அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. முதலில் அச்சடிப்பது, பிறகு அந்தப் படத்துக்குச் சரியாக வெட்டுவது என்பதுதான் அங்கு நடக்கும் முறை. ஸ்டாம்ப், டை செட் இதையே மேஜை அளவுக்குச் சுருக்கித் தருகிறது. அச்சு இயந்திரத்துக்குப் பதில் ஸ்டாம்ப், பஞ்சிங் மெஷினுக்குப் பதில் கைப்பிடி சுற்றும் சின்ன மெஷின். அவ்வளவுதான்.

ஜோடியாக ஏன் வாங்க வேண்டும்?

ஸ்டாம்ப் அடித்த பூவை கத்தரிக்கோலால் வெட்ட முடியாதா? முடியும். ஐந்து கார்டு என்றால் கத்தரிக்கோலே போதும். ஐம்பது டேக் ஆர்டர் வந்தால்தான் சிக்கல். கை வலிக்கும், ஒன்று போல் இன்னொன்று வராது.

ஜோடி டையில் அந்தப் பிரச்னை இல்லை. பொதுவாக ஸ்டாம்ப் படத்தைவிட டை கொஞ்சம் பெரிதாக இருக்கும். வெட்டிய பிறகு படத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கும். அந்தக் கோடு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருந்தால் வேலை சுத்தம். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

எப்படிச் செய்வது?

1. ஸ்டாம்ப்பை முதலில் அடிக்கவும். இங்க் நன்றாகக் காயட்டும்.

2. கலர் செய்வதாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வாட்டர் கலர் பட்டால் காகிதம் லேசாக விரிந்து வளையும். காய்ந்து நேரானதும் வெட்டலாம்.

3. டையின் வெட்டும் முனை காகிதத்தைப் பார்த்து இருக்கும்படி, படத்தின் மேல் வைக்கவும். டையின் நடுவே திறப்பு இருப்பதால் படம் கண்ணுக்குத் தெரியும். சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்க்கவும்.

4. எளிதில் உரிந்து வரும் பேப்பர் டேப்பால் டையை நகராமல் ஒட்டவும். பலர் விட்டுவிடும் படி இதுதான். மெஷினுக்குள் போகும்போது டை ஒரு மி.மீ. நகர்ந்தாலும் கார்டு வீண்.

5. அடியில் ஒரு பிளாஸ்டிக் பிளேட், அதன் மேல் காகிதம், அதன் மேல் டை, எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு பிளேட். இந்த அடுக்கை மெஷினுக்குள் விட்டு கைப்பிடியைச் சுற்றினால் வெட்டுப்பட்டு வரும். பிளேட் அடுக்கும் வரிசை மெஷினுக்கு மெஷின் மாறும். கூட வரும் குறிப்பைப் பார்ப்பது நல்லது.

வெட்டிவிட்டு ஸ்டாம்ப் அடிப்பதும் உண்டு. அதற்கு, வெட்டிய பிறகு மிஞ்சும் ஓட்டைக் காகிதத்தைத் தூக்கிப் போடக் கூடாது. அதை மேஜையில் ஒட்டி, வெட்டிய துண்டை அதன் ஓட்டைக்குள் வைத்தால், ஒவ்வொரு துண்டும் ஒரே இடத்தில் உட்காரும். கண்ணாடி போல் தெரியும் பாலிமர் ஸ்டாம்ப்புக்கு இந்த முறை சரிப்படும். சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப்பில் அடியில் இருப்பது தெரியாது என்பதால், முதலில் ஸ்டாம்ப், பிறகு டை என்பதே பாதுகாப்பு.

எங்கே தப்பு நடக்கிறது?

பாலிமர் ஸ்டாம்ப்பை அக்ரிலிக் பிளாக்கில் ஒட்டும்போது இழுத்து ஒட்டினால் படம் நீளும். அப்புறம் டை எப்படி வைத்தாலும் சேராது. இழுக்காமல், வைத்து லேசாக அழுத்தினால் போதும்.

அடுத்தது காகிதம். சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் 70 முதல் 80 ஜிஎஸ்எம். அதாவது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை 70 முதல் 80 கிராம். கார்டுக்கு இது தாங்காது. மடிக்கும் அட்டைக்கு 250 முதல் 300, ஸ்டாம்ப் அடித்து வெட்டும் துண்டுக்கு 200 ஜிஎஸ்எம் அளவில் எடுக்கலாம். காகிதத்துக்குப் பெயர் பெற்ற வட்டாரம்தான் இது. பள்ளிபாளையத்தில் சேஷசாயி பேப்பர் ஆலை இதே நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. காவிரிக்கு அக்கரையில், கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் டிஎன்பிஎல் இருக்கிறது. ஆனால் கடையில் கேட்கும்போது ஆலையின் பெயரைவிட ஜிஎஸ்எம் முக்கியம். வழவழப்பான ஆர்ட் கார்டில் இங்க் சீக்கிரம் காயாமல் கலையும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம்ம ஊர் படம் வேணும்னா?

வெளிநாட்டு செட்களில் கிறிஸ்துமஸ் மரமும் கரடி பொம்மையும்தான் அதிகம். குத்துவிளக்கு, மாங்காய், கோலம் வேண்டும் என்றால்? டையைத் தனியாகச் செய்யக் கொடுப்பது செலவு. அச்சகத்துக்குச் செய்யும் ஸ்டீல் ரூல் டை வீட்டு மெஷினின் இடுக்குக்குள் நுழையவும் செய்யாது.

இதற்குச் சுலப வழி, தலைகீழாக யோசிப்பது. வட்டம், நீள்வட்டம், இலை மாதிரி பொதுவான வடிவ டையை முதலில் வாங்கலாம். அதன் அளவுக்குள் எல்லாப் பக்கமும் 2 மி.மீ. உள்ளடங்கும்படி சொந்தமாகப் படம் வரைந்து, நாமக்கல்லிலோ சேலத்திலோ உள்ள ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுத்தால் ஸ்டாம்ப் தயார். படத்தின் நெகட்டிவ் வழியே புற ஊதா ஒளி பட்ட இடத்தில் பாலிமர் இறுகும், மற்ற இடம் கழுவினால் போய்விடும். அலுவலக சீல் செய்யும் அதே முறைதான். ஒரே வட்ட டைக்குப் பத்து ஸ்டாம்ப் செய்துகொள்ளலாம், டை செலவு ஒரு தடவைதான்.

கணக்கு எப்படிப் போடுவது?

ஸ்டாம்ப், டை மட்டும் வாங்கினால் வேலை நடக்காது. மெஷின், பிளேட், இங்க் பேட், அட்டை எல்லாம் வேண்டும். பிளேட்டில் வெட்டு விழுந்து விழுந்து தேயும் என்பதால் அதையும் மாற்ற வேண்டிவரும்.

உதாரணத்துக்கு, மொத்த முதலீடு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டை, இங்க், கவர் செலவு போக ஒரு டேக்கில் 4 ரூபாய் நின்றால், 2,000 டேக் விற்றால்தான் முதல் திரும்பும். ஒரு கார்டில் 25 ரூபாய் நின்றால் 320 கார்டு போதும். இதில் உங்கள் உழைப்புக்குக் கூலி இன்னும் சேர்க்கவில்லை. எனவே மெஷின் வாங்கும் முன், ஒரு ஸ்டாம்ப்பும் கத்தரிக்கோலும் வைத்து இருபது கார்டு செய்து, கேட்டு வாங்க ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடன் தேவைப்பட்டால், பிணையில்லாத முத்ரா கடனில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் விண்ணப்பிக்கலாம். குறுந்தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டச் சிக்கல் வருமா?

ஸ்டாம்ப்பில் உள்ள படம் அதை வரைந்தவரின் சொத்து. கையால் அடித்துச் செய்த கார்டை விற்க பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, ஆனால் நிபந்தனை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தப் படத்தை ஸ்கேன் செய்து அச்சடிப்பதோ, அதைக் கொடுத்து புது ஸ்டாம்ப் செய்வதோ பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் கீழ் பிரச்னையில் முடியலாம். கார்ட்டூன் உருவங்களுக்கும் இது பொருந்தும். அழகுக்காக என்றாலும் அரசு முத்திரை, சிங்கச் சின்னம் ஆகியவற்றை ஸ்டாம்ப்பாகச் செய்யக் கூடாது. தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

குழந்தைகள் செய்யலாமா?

ஸ்டாம்ப் அடிப்பதில் பயமில்லை. டையின் விளிம்பு விரலைக் கீறும், மெஷினின் உருளைக்குள் விரல் சிக்கலாம். பெரியவர்கள் கூட இருக்கும்போது மட்டும் கைப்பிடியைச் சுற்ற விடலாம்.

யார் வாங்கலாம்?

மாதம் நாலைந்து கார்டு செய்பவருக்கு ஸ்டாம்ப்பும் நல்ல கத்தரிக்கோலும் போதும். ஒரே மாதிரி டேக், கார்டு நூற்றுக்கணக்கில் ஆர்டர் வருகிறதா? அப்போது டையும் மெஷினும் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் கையால் செய்து கட்டுப்படியாகாது, அது அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய வேலை.